குழிக்குப் பக்கத்து ஆட்டம்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச நேரமும் கிடைத்து, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும் காலையில் எழுந்திருக்கிறோம், மாத்திரை போட்டுக்கொள்கிறோம், சாயங்காலம் ஆகிறது, அந்த அளவில் சுகம். கையில் போன் இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டுக் காகிதம் என்று நீ நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் போன் உங்கப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில், ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் இருக்கிறது. என்னுடைய போனில் வரும் செய்திகளை அவர் சாயங்காலத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார், அது அவருக்குப் பேப்பர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. போன தடவை நீ அம்மா உன் குரல் ஏன் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு என்று கேட்டாயே, நான் தொண்டை சரியில்லை என்று மழுப்பினேனே, தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இதைக் கீழே துணி துவைக்கும் அறையில் மெஷினின் மூடிமேல் வைத்து எழுதுகிறேன். மெஷின் ஆடுவதால் எழுத்தும் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாகிவிட்டது, இப்போது அடுத்த மூலையில் ஒழுகுகிறது. லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. நம் எதிர்வீட்டில் இருக்கிறாரே, ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் தினம் அந்த மூடிய கதவுக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறார். ஒப்பந்தக் கம்பெனி ஆளைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மத்தியானமும் போதும்மா என்கிறார். ஆக மூன்று மாடியும் படிதான். உங்கப்பாவுக்குப் பக்கவாதத்தில் போன இடதுகை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, கால் பரவாயில்லை, தடியோடு வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகூட இறங்கலாம், தனியாகவும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகிறது. ஆனால் இருக்க மாட்டேன் என்கிறாரே. நான் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, யாருக்காவது கண்ணில் லென்ஸ் வைத்து எந்த எழுத்து தெரியுது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். தண்ணி எங்கே, ரிமோட் எங்கே, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. ஒரே நாளில் அத்தனை தடவை அடித்தால் எந்த முதலாளி பொறுப்பார். அவர் நல்ல மனுஷர், நீங்க வீட்டைப் பாத்துக்கிட்டு முடியும்போது வாங்க என்று மரியாதையாகச் சொன்னார். முடியும்போது என்பது இன்னும் வரவில்லை.

இப்போது கோல்ஃப் விஷயம். நீ அன்றைக்குப் போனில் அம்மா கோல்ஃபா என்று கேட்டு முடிப்பதற்குள் உங்கப்பா பேச்சை மாற்றிவிட்டார். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பிசியோ பையன், சார் நீங்க கோல்ஃப் ஆடினவராமே, அந்த மட்டையைப் பிடிச்சு மெதுவா ஆட்டினா கைக்கு நல்லது என்று யோசனை சொன்னான். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இந்த அறைக்குப் பின்கதவைத் திறந்தால் கோல்ஃப் மைதானத்தின் பயிற்சிப் புல்தரை, குடியிருப்புக்காரர்கள் போகலாம் என்று கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். உங்கப்பாவின் ஆட்டம் உனக்குத் தெரியுமே, அடித்தால் பந்து ஆகாயத்தில் காணாமல் போக வேண்டும், போட்டிக்கு வந்தவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். கம்பெனியில் அவரை இடி என்று கூப்பிட்டதைச் சொல்லிச் சொல்லியே நம் காது புளித்தது. அன்றைக்கு அவரைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தோம். மட்டையைத் தூக்கினார், இடதுகை வரவில்லை, மட்டை புல்லைக் கொத்திக்கொண்டு நின்றது, பந்து ஒரு சாண் உருண்டது. மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை மட்டையைத் தூக்கி வீசிவிட்டார். நான் எடுத்துவந்து கொடுத்து, கொஞ்சம் மெதுவாத்தான் பாருங்களேன் என்றேன். அவ்வளவு சுலபமா இருந்தா நீயே அடி பாப்போம் என்றார். எனக்கும் ஒரு வீம்பு. அவர் உயரத்துக்கு அளவெடுத்த அந்த மட்டையைப் பிடித்து, வீட்டில் தரையைக் கூட்டுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினேன். பந்து கொஞ்சமாக எழும்பி, புல்லில் இறங்கி, அவசரமே இல்லாமல் உருண்டு போய் குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிசியோ பையன் கைதட்டினான். உங்கப்பா வீட்டுக்குப் போலாம் என்றார். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. அடுத்த மாதம் லிஃப்டும் அவருக்குத் தோதாக நின்றுபோனது.

ஆனால் குட்டி, அந்தப் பந்து போய் நின்றது என் கையிலேயே இருந்தது. சாதம் வடிக்கும்போதும் அந்தத் தள்ளு ஞாபகம் வந்தது. பந்துகளைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றேன் என்று ஒரு நாள் போனேன், மட்டையை மறந்துட்டேன் என்று ஒரு நாள் போனேன், எத்தனை நாள் அப்படிப் போக முடியும். அப்புறம்தான் துணி ஞாபகம் வந்தது. மெஷினில் துணியைப் போட்டால் அது முடியும் வரைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னால் உங்கப்பாவால் மறுத்துப் பேச முடியாது. அழுக்குத் துணி தீர்ந்த நாளில் துவைத்த துணியையே மறுபடியும் கொண்டுவந்து போட்டேன். திரைச்சீலை, மேசை விரிப்பு, நீ விட்டுப்போன பழைய ஸ்வெட்டர் என்று ஒன்றையும் விடவில்லை. நம் வீட்டுத் தலையணை உறையெல்லாம் இப்போது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, உள்ளே இருக்கிற பஞ்சு தெரிகிறது. மெஷின் ஓடுகிற நேரம் என்னுடைய நேரம். பின்கதவைத் தாண்டினால் யாருக்கும் நான் எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பத்து பன்னிரண்டு பந்தைக் கொட்டி அடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றுமே சரியாக வரவில்லை. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்து அடியிலிருந்து அள்ளினால் அது உச்சந்தலையில் அடிபட்டு ஓடிவிடும், இல்லாவிட்டால் மண்ணைத் தோண்டும். தூக்க வேண்டிய வேலை மட்டையுடையது, அதற்காகத்தானே அதன் முகத்தைச் சாய்த்துச் செய்திருக்கிறார்கள், நாம் சும்மா இருந்தால் போதும் என்று புரிய ரொம்ப நாள் ஆனது. முன்னங்காலில் பாரத்தைப் போட்டு, கை பந்துக்கு ஒரு விரல்கடை முன்னால் இருக்கிற மாதிரி வைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து தள்ள வேண்டும். குழியைப் பார்க்கவே கூடாது, பந்து எந்த இடத்தில் போய் இறங்க வேண்டுமோ அந்தப் புல்லைப் பார்க்க வேண்டும், அங்கே இறக்கிவிட்டால் மிச்சத்தை அது தானாக உருண்டு பார்த்துக்கொள்ளும். பிறகு பந்துகளைக் கொட்டி அடிப்பதையும் விட்டேன். ஒரே பந்து, அதைத் தள்ளிவிட்டு, போய், பட்டரால் உருட்டிக் குழியில் போட்டுவிட்டுத்தான் அடுத்த இடம். ஆட்டத்தில் இரண்டாவது பந்து யார் கொடுக்கப் போகிறார்கள். உருட்டுகிற மட்டைக்குப் பட்டர் என்று பெயராம், ஆரம்பத்தில் உங்கப்பா அந்த பட்டரை எடுத்து வை என்றபோது நான் ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றேன். உருட்டும்போது எந்தப் பக்கம் வளையும் என்று எல்லோரும் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள், எனக்கு என்னவோ எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. தூரம் சரியாக இருந்தால் பக்கம் கொஞ்சம் தப்பினாலும் அடுத்த தட்டில் உள்ளே போய்விடும்.

உங்கப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், என்ன முட்டாள்தனம். அவர் நாற்காலி போட்டிருக்கும் ஜன்னலிலிருந்து அந்தப் புல்தரை முழுக்கத் தெரியும். ஒரு நாள் நான் பந்துக்கு மேல் நிற்கிறேன், சட்டைப் பையில் போன் அடிக்கிறது. முட்டியை மடக்கு என்கிறார். அடுத்த நாள், இன்னும் பின்னால தூக்கி அடி, பயந்தாங்கொள்ளி மாதிரி தள்ளாதே. அதற்கடுத்த நாள் கட் பண்ணாதே, லைன்லயே இரு என்றார். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, யாரோ நான் உட்கார்ந்திருந்த ஒரே நாற்காலியையும் இழுத்துக்கொண்ட மாதிரி. அவர் சொல்வதெல்லாம் ஆகாயத்துக்கு அடிக்கிற அடிக்குச் சரி, குழிக்குப் பக்கத்தில் அது எதற்கும் ஆகாது. ஆனால் நான் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே என் பாட்டுக்குத் தள்ளினேன். மேலே நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் அவர் தலை. குனிந்தால் காதில் அவர் குரல்.

அங்கேதான் பல் டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். உன்னைவிட ஏழெட்டு வயசுதான் பெரியவளாக இருப்பாள், நல்ல உயரம், சிரித்தால் மைதானத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கும். அவளும் உங்கப்பா மாதிரி இடி முழக்கக் கேஸ்தான், ஒரே அடியில் பந்தைக் கொடிக்குப் பக்கம் கொண்டுவந்துவிடுவாள், அங்கிருந்து குழிக்குள் போடுவதற்குள் நாலைந்து தட்டு ஆகிவிடும். அக்கா, நான் சொத்தைப் பல்லுக்குள்ள மயிரிழை ஊசி விட்டு வேலை செய்யறேன், இந்தப் பந்துகிட்ட வந்தா மட்டும் கை சுத்தியல் மாதிரி ஆயிடுது, நீங்க எப்படிப் பண்றீங்க என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள்தான் ஜோடிப் போட்டி இருப்பதைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே பந்து, ஒருத்தி அடித்தால் அடுத்த அடி மற்றவள், ஒன்பது குழி. முதல் அடி மட்டும் குழிக்குக் குழி மாறி மாறி. நான் ஜன்மத்தில் நீளமாக அடித்ததில்லையே அம்மா என்றேன். நீங்க புல்லு மேல எங்கயாவது வெச்சுடுங்க, மிச்ச தூரத்தை நான் பாத்துக்கறேன், குழிக்குப் பக்கத்தில என்னைத் தொட விடாதீங்க, அது போதும் என்றாள். அந்த ராத்திரி நான் உங்கப்பாவிடம் கேட்டேன். தாராளமா போயேன், நான் என்ன சின்னக் குழந்தையா என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை.

முன்னாடி ஒரு தடவை சேர்ந்து ஆடிப் பார்க்கலாம் என்று ஒரு காலை பல் டாக்டர் இடம் பிடித்திருந்தாள். நான் ஷூவுக்குக் கயிறு கட்டும்போது உங்கப்பாவுக்குத் தலை சுற்றியது. முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை அவர் விழுந்ததும் இப்படித்தானே ஆரம்பித்தது. லிஃப்ட் மெக்கானிக்கும் நானும் கைத்தாங்கலாகப் படியில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லா சோதனையும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, உடம்புல ஒண்ணும் இல்லைம்மா, அவருக்குப் பயம், நீங்க வெளியே போறதுதான் பயம், பொய் சொல்றார்னு நெனச்சுடாதீங்க, அவருக்கு அது நெஜமாவே தலை சுத்தல்தான் என்றார். அதற்கு மருந்து உண்டா என்று கேட்டேன். நீங்க போயிட்டுத் திரும்பி வர்றதுதான் மருந்து, பலதடவை போயிட்டு வரணும் என்றார். சொல்வது சுலபம். டாக்டருக்கு என்ன, அவர் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

போட்டி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையிலேயே சாப்பாடு, மாத்திரை, தண்ணீர், ரிமோட் எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். லிஃப்ட் மெக்கானிக் சீட்டுக்கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். போனை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க, நெஜமா அவசரம்னா என் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் போயிட்டு வர்றேங்க என்றதும் உங்கப்பா கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். நான் ஷூவோடேயே வந்து பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், அதுவும் சரியாகத்தான் இருந்தது. நல்லாத்தானே இருக்குங்க என்றேன். மெஷினுக்கு என்ன தெரியும் என்றார். லிஃப்ட் மெக்கானிக் சீட்டைக் கலைத்துக்கொண்டே, நீங்க கிளம்புங்கம்மா, நான் இருக்கேன் என்றார். மூன்று மாடியும் நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் யாரோ பின்னாலிருந்து புடவையை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி, ஆனால் நான் அன்றைக்குப் பேண்ட்தான் போட்டிருந்தேன்.

ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன் கேள், இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன். முதல் குழியில் பல் டாக்டர் அடித்த அடிக்கு எங்களோடு ஆடிய இரண்டு பேரும் அடேயப்பா என்றார்கள். கொடிக்குக் கிட்டே போய் பந்து மேட்டுச் சரிவில் நின்றது. நான் இறங்க வேண்டிய புல்லைப் பார்த்தேன், தள்ளினேன், அவளுக்கு ஒரு முழம்கூட மிச்சம் வைக்கவில்லை. அதை அவள் காலால் தட்டினாலும் போயிருக்கும். இரண்டாவதில் முதல் அடி என்னுடையது. எல்லோரும் பெரிய தலை வைத்த மட்டையை உருவுகிறார்கள், நான் நடுத்தரமாக ஒன்றை எடுத்து, எனக்குத் தெரிந்த அதே தள்ளைக் கொஞ்சம் பெரிசாகத் தள்ளினேன். பந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோகிற கிழவன் மாதிரி நேராக, மெதுவாக, பாதையை விட்டு விலகாமல் போனது. கூட ஆடியவர்களின் பந்து அதைத் தாண்டிப் பறந்து புதருக்குள் போனது. நாங்கள் அவர்கள் தேடி முடிக்கிற வரைக்கும் நின்றோம். நாலாவதில் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது, என் முறை. மணலில் எனக்குப் பழக்கமே இல்லை. பந்தைத் தொடாதீங்க அக்கா, பந்துக்குப் பின்னால இருக்கிற மணலை அடிங்க, மணல் அதைத் தூக்கிட்டுப் போகும் என்று பல் டாக்டர் கத்தினாள். அடித்தேன், முகமெல்லாம் மணல், கண்ணைத் துடைத்துப் பார்த்தால் பந்து மேலே புல்லில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் நின்றபோது சுற்றிலும் மணல் சுவர், மேலே வானம், நம் கட்டடமும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. மேலே ஏறி வர எனக்கு மனசே இல்லை, மட்டையால் மணலைச் சமன் செய்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஏழாவது குழியை முடித்துக் கொடியைத் திரும்ப நடும்போது பல் டாக்டரின் பையில் போன் அடித்தது. அவள் எடுத்துப் பேசாமல் என்னிடம் நீட்டினாள். லிஃப்ட் மெக்கானிக். சார் குளியலறையில விழுந்துட்டார்மா, பேசறார், எழுந்திருக்க மாட்டேங்கிறார், என்னால தூக்க முடியல என்றார். நான் மட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயசில், இந்த உடம்போடு, குறுக்கே புல்லெல்லாம் மிதித்துக்கொண்டு, அடிக்கத் தயாராக இருந்தவர்கள் முன்னாலெல்லாம் ஓடினேன். விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடினேன், விழாமல் இருந்தால் நான் என்ன செய்வேனோ என்றும் பயந்துகொண்டே ஓடினேன்.

குளியலறையில் தரையில் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். தடி பக்கத்துச் சுவரில் நேராகச் சாய்த்து வைத்திருந்தது. செருப்பு இரண்டும் வாசலில் ஜோடியாக இருந்தது. விழுகிறவர் தடியைச் சாய்த்து வைத்துவிட்டா விழுவார் குட்டி. லிஃப்ட் மெக்கானிக்கை நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன் என்று அனுப்பிவிட்டு, வாசலிலேயே, ஈரத்தில், அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அவரே சொன்னார், நானாத்தான் உக்காந்தேன். தெரியும் என்றேன். உங்கப்பா எப்போதாவது அழுது நீ பார்த்திருக்கிறாயா, நானும் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், எத்தனை என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஏழு முடிச்சாச்சு இல்ல, எத்தனை அடி என்றார். சொன்னேன். அவர் குழிக்குக் குழி கேட்டார், நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், மணலைப் பற்றியும் சொன்னேன். நாலாவது மணல்லேருந்து ஒரே அடியில வெளியே வந்தியா என்றார். ஆமாம் என்றேன். நான் அதுல எத்தனை தடவை மாட்டியிருக்கேன் தெரியுமா என்றார். பிறகு விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்துவிட்டு, ஜெயிச்சிருப்பீங்க, மிச்ச ரெண்டும் தூரம் கம்மியான குழி, ஜெயிச்சிருப்பீங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பாதியில் விட்டு வந்தால் ஜோடிக்கே கணக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா.

ஏன் இப்படிச் செஞ்சீங்க என்று அப்போதுதான் கேட்டேன். நீ வெளியே போறதுகூட எனக்குப் பரவால்ல, நீ அங்கே சந்தோஷமா இருக்கே, அது ஜன்னல்ல தெரியுது, அதைத்தான் பாத்துக்கிட்டு உக்கார முடியல என்றார். குட்டி, இதற்கு என்ன பதில் சொல்வாய். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கோங்க என்றேன். எனக்கே என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி. சிரித்து முடித்ததும் சொன்னேன், அடுத்த மாசமும் போட்டி இருக்குங்க, நான் போவேன். போ, ஆனா நான் மறுபடியும் இப்படித்தான் பண்ணுவேன், அந்த நேரத்துல என்னால முடியறதில்ல, நான் கூப்பிட்டா நீ வராதே என்றார். நெஜமாவே விழுந்திருந்தா என்று கேட்டேன். அவர் தடிக்குக் கை நீட்டினார். அவரைத் தூக்கி நிறுத்தி, கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னல் பக்கமே திருப்பிவைத்தேன். பின்னே அந்த மனுஷர் எதைத்தான் பார்ப்பார்.

பல் டாக்டர் அன்றைக்குச் சாயங்காலம் என் மட்டையை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவள் கையை ஆட்டி நிறுத்திவிட்டு, சார், நாலாவது குழியில அக்காவைப் பாத்தீங்களா என்று உங்கப்பாவிடம் கேட்டாள். அங்கேருந்து இந்த ஜன்னலுக்குத் தெரியாதும்மா என்றார் அவர். அதைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அடுத்த மாதத்துக்கும் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். இப்போது துணி போடாமலேயே கீழே இறங்குகிறேன், போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டே இறங்குகிறேன். போன் அடிக்காமல் இருப்பதில்லை. நேற்று முட்டியை மடக்கு என்று சொல்லவில்லை, நேற்று மழை வரும் போலிருக்கு என்று மட்டும் சொன்னார். கதவைத் திறந்து மேலே வரும்போது ஒவ்வொரு தடவையும் என் கண் முதலில் நாற்காலியைத்தான் தேடுகிறது, அதில் அவர் தலை தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. போட்டியில் ஜெயித்தாலும் அது மாறப்போவதில்லை.

நீ இதைப் படித்ததும் லீவு போட்டுக் கிளம்பி வரவும் வேண்டாம், அவரிடம் சண்டைக்கு நிற்கவும் வேண்டாம். என்னை அங்கே வந்து இரு என்று கூப்பிடவும் வேண்டாம், வந்தால் எனக்குத் தலை சுற்றும். ஒன்று மட்டும் எனக்குச் செய். நீ பேசினால் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், இந்தா உங்கம்மாகிட்ட பேசு என்பதற்கு மேல் அவர் பேசுவதில்லை, நீயும் அதற்கு மேல் கேட்பதில்லை, எனக்குத் தெரியும். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை எட்டு மணிக்கு, நான் கதவைச் சாத்திய உடனே நீ அவரைக் கூப்பிடு. கூப்பிட்டு, நான் ஒன்பது குழியும் ஆடி முடிக்கிற வரைக்கும் பேசு. உன் ஊரில் அது தூங்குகிற நேரமாக இருக்கும், எனக்காக ஒரு நாள் விழித்திரு. நீ பேசுகிறாய் என்றால் அவர் பதில் சொல்கிறார், பதில் சொல்கிறார் என்றால் விழவில்லை. அது எனக்குத் தெரிந்தால் போதும், எட்டாவது ஒன்பதாவது எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அவ்வளவு நேரம் அப்பாவோடு என்ன பேசுவது என்று நீ கேட்பாய். பேச விஷயம் கிடைக்காவிட்டால் உன் மனசில் அவர்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் எடுத்துச் சண்டை போடு, அதற்கு ஒன்பது குழி பத்தாது.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்கிரீனையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைச் சோதித்துக்கொள், இதை அம்மாவாக இல்லை, கண்ணாடிக் கடைக்காரியாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டாலும் ஒருத்தர் காலை ஒருத்தர் கட்டிப்போடாமல், நிறைய வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்காகப் போட்ட துணி முடிந்து மெஷின் நின்றுவிட்டது, மேலே போகிறேன். முதல் ஞாயிறு, காலை எட்டு மணி, மறந்துவிடாதே.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா